கால் சுற்று

ஜனவரி 4, ஞாயிறு

சிமெண்ட் கடையில் கொடுத்த டைரி மூன்று நாளாக டிவி மேல் கிடந்தது. பால்காரர் வராத நாளைக் குறித்து வைக்கலாம் என்றிருந்தேன். இன்று எடுத்ததற்குக் காரணம் வேறு. கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். வீட்டில் இருக்கிற ஒரே ஆள், என் வீட்டுக்காரர், மில்லில் ஷிப்டு முடித்துவிட்டுக் குறட்டை விடுகிறார்.

வட்டம் வட்டமாக வரவில்லை. நூறு மில்லிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டு என்றால் மெஷின் முட்டையை வெட்டித் தருகிறது. வெர்னியரில் அளந்தேன். ஒரு பக்கம் 100.1, இன்னொரு பக்கம் 99.3. எட்டு மாத உழைப்புக்குக் கிடைத்தது பிளைவுட் முட்டை.

எட்டு மாதமாக எங்கள் ஹாலில் சோபா இல்லை. அந்த இடத்தில் சி.என்.சி. மெஷின் உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சொன்னபடி மோட்டார் சுற்றும், மோட்டார் பெல்ட்டை இழுக்கும், குறுக்குச் சட்டம் தண்டவாளத்தில் உருளும், அதில் தொங்குகிற கட்டர் பலகையை வெட்டும். குறுக்குச் சட்டத்தை நான் பாலம் என்றுதான் சொல்வேன். அலுமினியச் சட்டம் அறுத்ததிலிருந்து ஒயர் பற்றவைத்தது வரை என் கை. கல்லூரி ப்ராஜெக்ட்தான். ஆனால் எங்கள் மெக்கானிக்கல் துறைத் தலைவர் டாக்டர் தாமோதரன் "லேப்ல எடமில்ல மேடம், வீட்லயே வெச்சுப் பண்ணிருங்களேன்" என்று சொல்லிவிட்டார். நான் லேப் இன்ஸ்ட்ரக்டர். ஜூனுக்கு ஜூன் புதுப்பிக்கிற வேலை. முடியாது என்று சொல்கிற பழக்கம் எனக்கு வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

பாலத்தை இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெல்ட் இழுக்கிறது. ஒன்று தொய்வாக இருந்தால் பாலம் கோணிக்கொண்டு போகும். விரலால் அழுத்திப் பார்த்து, இரண்டும் சமம் என்று நினைத்திருந்தேன்.

மாவாட்டிக்கொண்டிருந்தபோது இவர் எழுந்து வந்தார். மில்லில் மெயின்டெனன்ஸ் வேலை, பெல்ட் என்றால் சொர்ணக்குமாருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"அமுக்கிப் பாத்தா என்ன தெரியும்? சுண்டிப் பாரு. ரெண்டும் ஒரே சத்தம் குடுக்கணும்."

சுண்டினேன். வலது பெல்ட் 'டும்' என்றது. இடது பெல்ட் 'தொப்' என்றது. இடது பக்க ஸ்குரூவை ஒன்றரைச் சுற்று இறுக்கியதும் அதுவும் 'டும்'.

"எட்டு மாசமா பக்கத்துலயே இருந்துட்டு இன்னைக்குத்தான் சொல்றீங்க?"

"நீ கேட்டியா? உன் மாப்பிள்ள சோபா எடத்துல படுத்துருக்கான். நான் நடுவுல வரலாமா?"

மெஷினைத்தான் மாப்பிள்ளை என்கிறார். வட்டம் இப்போது 100.1, 99.7. முட்டை கொஞ்சம் உருண்டிருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

என் முட்டாள்தனத்தை எழுதி வைக்கிறேன். அடுத்த முறை படித்துத் தலையில் குட்டிக்கொள்ளலாம்.

பாலத்துக்குக் கீழே நாலு சக்கரம். ஒவ்வொன்றின் அச்சிலும் ஒரு நட். ஓட்டை நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகத் துளைத்த நட். அதைத் திருப்பினால் சக்கரம் தண்டவாளத்தை நெருங்கும் அல்லது விலகும். பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், பாலம் ஆடுகிறதே என்ற எரிச்சலில், நாலையும் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முறுக்கி வைத்துவிட்டுப் போனேன். நாலு நாள் கழித்து வந்து ஓட்டினால் பாலம் தட்டாமாலை ஆடுகிறது. பிளாஸ்டிக் சக்கரம் அழுந்தி ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. நாலும் போச்சு.

கண்டுபிடித்த விதி இது. பாலத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு விரலால் திருப்ப வேண்டும். மனசில்லாமல் திருப்பினால் திரும்ப வேண்டும். தானாகச் சுற்றினால் லூசு. திரும்பவே மாட்டேன் என்றால் டைட்டு. இடையில் இருப்பது கால் சுற்றுதான்.

ஜனவரி 25, ஞாயிறு

ஒன்பது நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. குடம், அண்டா, பக்கெட், பிரஷர் குக்கர் வரை நிரப்பியாயிற்று. மெஷினைத் தொடவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

தாமோதரன் சார் வீட்டுக்கு வந்தார். முதல் முறையாக. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காபி குடித்துவிட்டு, மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"எப்ப மேடம் ரெடியாகும்?"

"வட்டத்துல இன்னும் பாயிண்ட் டூ வித்தியாசம் இருக்கு சார். புது வீல் போட்டிருக்கேன். நட்ட ஒவ்வொண்ணா செட் பண்ணணும்."

"எதுக்கு இவ்ளோ சிரமம்? சாஃப்ட்வேர்ல ரெண்டு நம்பர மாத்துனா வட்டம் வந்துரும்ல?"

வரும். ஒரு வட்டம் வரும். அடுத்த வட்டம் வேறு மாதிரி வரும். ஆடுகிற பாலத்தைக் கம்ப்யூட்டரில் நம்பர் மாற்றி மறைக்கலாம், நிறுத்த முடியாது. இதைச் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் ஸ்பேனரை வாங்கி மெஷின் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னார். ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. ஒரு சக்கரத்தைத் தொட்டுக் காட்டுகிற மாதிரி என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். இவர்தான் படம் எடுத்தார்.

கிளம்பும்போது, "மார்ச்ல ஆய்வுக் குழு வர்றாங்க. இதத்தான் காட்டப்போறோம். மெஷின்ல ஒரு நேம் பிளேட் மாட்டிருவோம், உங்க பேரும் கண்டிப்பா வரும் மேடம்" என்றார்.

என் பேர் வரும் என்று இவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலாவது தடவை, "கேட்டுச்சு கேட்டுச்சு" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

100.02. 99.98.

மறுபடி வெட்டினேன். 100.01. 100.00. மூன்றாவதும் அப்படியே.

தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. இவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வெந்துகொண்டிருந்த இட்லியை இறக்கி வைத்தார்.

நாலு நட்டிலும் அடையாளம் போட்டேன். நட்டின் மேலிருந்து பக்கத்துத் தகடு வரை நெயில் பாலிஷால் ஒரே கோடு. நட் எப்போதாவது திரும்பினால் கோடு உடைந்துவிடும், பார்த்த உடனே தெரியும். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு பாலிஷ். என் நகத்துக்கு அதில் ஒரு தடவைதான் வேலை இருந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

கல்லூரிச் செய்தி மடல் வந்தது. முதல் பக்கத்தில் 'துறைத் தலைவரின் சாதனை' என்று போட்டு, தலைகீழ் ஸ்பேனருடன் சார். அவர் வீட்டில் வைத்து ஓய்வு நேரத்தில் உருவாக்கிய மெஷினாம். என் வீட்டுக் காலண்டர் பின்னால் தெரிகிறது.

படத்தின் ஓரத்தில் என் கை இருக்கிறது. முழங்கை வரைக்கும். வளையலை வைத்துத்தான் என் கை என்று கண்டுபிடித்தேன். மற்றதை வெட்டிவிட்டார்கள்.

போய்க் கேட்டேன். "அச்சுக்காரன் பண்ணுன கோளாறு மேடம். பிளேட்ல பேரு வரும்னு சொல்லியிருக்கேன்ல" என்றார். சொல்லித்தான் இருக்கிறார்.

மார்ச் 9, திங்கள்

சார் பென் டிரைவ் கொடுத்தார். ஆய்வுக் குழு முன்னால் மெஷினை ஓட்டி, மெஷினில் மாட்டப்போகிற பிளேட்டையே வெட்டிக் காட்ட வேண்டுமாம். நல்ல யோசனைதான்.

லேபில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். நூறு மில்லிமீட்டர் வட்டம். உள்ளே மூன்று வரி. கல்லூரிப் பெயர். 'வடிவமைப்பும் உருவாக்கமும்'. 'டாக்டர் க. தாமோதரன்'.

நாலாவது வரி இல்லை. வட்டத்தில் இடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன், பதினெட்டு மில்லி சும்மா கிடக்கிறது. 'ச. முனீஸ்வரி' என்று எழுதப் பன்னிரண்டு மில்லி போதும்.

அந்த எழுத்துக்கெல்லாம் கட்டர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று நான்தான் வழி போட்டுக் கொடுத்தேன். தா-வுக்கு ஒரு வழி, மோ-வுக்கு ஒரு வழி. சாயங்காலம் நாலரைக்கு முடித்து அவரிடம் காட்டினேன். "அருமை மேடம்" என்றார்.

மார்ச் 11, புதன்

காலையில் மினி லாரியில் ஏற்றினோம். கீழே தலையணை, மேலே பழைய போர்வை. பைபாஸில் ஆறு வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிரைவரை மெதுவாகப் போகச் சொன்னேன். ஹாலில் வெறும் தரை. இவர் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றாராம், போனில் சொன்னார்.

லேபில் இறக்கியதும் எல்லாவற்றையும் பார்த்தேன். பெல்ட் இரண்டும் 'டும்'. நாலு நட்டிலும் சிவப்புக் கோடு அப்படியே. ஒரு வட்டம் வெட்டினேன், 100.01. அட்டெண்டர் அந்தோணி அண்ணன் வெர்னியரை வாங்கித் தானும் அளந்தார். ஒரு காலத்தில் ஃபிட்டராக இருந்தவர். "டீச்சர், இத நீங்களா செஞ்சீங்க?" என்று கேட்டார். கல்லூரியில் என்னை அப்படிக் கேட்ட ஒரே ஆள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். எனக்குப் பசிக்கவில்லை. மெஷின் பக்கத்தில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 12, வியாழன்

எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஆய்வுக் குழுவில் மூன்று பேர். சார் கோட்டு போட்டிருந்தார். மெஷினைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். 'நான் முதல்ல யோசிச்சப்போ' என்று நாலு தடவை சொன்னார். நான் சுவர் ஓரமாகக் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றேன். சார் தலையசைத்ததும் பட்டனைத் தட்டினேன்.

கல்லூரிப் பெயரிலேயே பாலம் உதற ஆரம்பித்தது. எழுத்துகள் ஓரம் பிய்ந்து, பல்லுப் பல்லாக வந்தன. 'தாமோதரன்' வரும்போது கட்டர் பலகையைக் கடித்து இழுத்தது. கடைசியில் வட்டம். குழுவில் இருந்த வயசான அம்மா பலகையைக் கையில் எடுத்து, "இது வட்டமா?" என்றார்.

சார் சிரித்தார். திரும்பி என்னைக் கை காட்டினார்.

"இது முழுக்க முழுக்க நம்ம லேப் இன்ஸ்ட்ரக்டர் முனீஸ்வரி மேடம் பண்ணுனது. டிசைன், ஃபேப்ரிகேஷன் எல்லாமே அவங்கதான். ஸ்டாஃப என்கரேஜ் பண்ணணுமேன்னுதான் நான் முன்னாடி நின்னேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்து மாதத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வராத வார்த்தை, ஒரு மூச்சில் வந்துவிட்டது. டிசைன் நான். ஃபேப்ரிகேஷன் நான். முழுக்க முழுக்க நான்.

"லாரில வந்ததுல நட்டு லூசாயிருக்கும்" என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

பத்தாம் நம்பர் ஸ்பேனர் என் சாப்பாட்டுப் பையில் கிடக்கிறது. எப்படி வந்தது என்று தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

மெமோ வந்தது. முதல்வர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் முறைப்படி.

அந்தோணி அண்ணன்தான் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

"டீச்சர், மெஷினத் துணி போட்டு மூடச் சொன்னாங்க. மூடுறப்போ பாத்தேன். நாலு நட்டுலயும் செவப்புக் கோடு ஒடைஞ்சிருக்கு."

"லாரி அண்ணே. ஆறு வேகத்தடை."

"எறக்குன அன்னைக்கு நானும் பாத்தேன்ல? கோடு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் நாலும் ஒண்ணுபோல கால் சுத்து திரும்பியிருக்கு. லாரி எண்ணி எண்ணியா ஆட்டும்?"

மெமோவை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். அந்த ஆளுக்கு நல்லா வேணும். ஆனா மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு டீச்சர்? நல்ல மெஷினு. இப்ப எல்லாப் பயலும் அத ஓட்ட மெஷினுங்குறான்."

கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. தாமோதரனை நினைத்து இல்லை, அவருக்காக எனக்கு இன்னும் ஒரு சொட்டுக்கூட வருத்தமில்லை. வெட்கம் மெஷினிடம்தான்.

மார்ச் 18, புதன்

மெமோவில் இப்படி இருக்கிறது: 'தாங்கள் வடிவமைத்து உருவாக்கிய சி.என்.சி. இயந்திரம் ஆய்வுக் குழுவினர் முன்னிலையில் செயல்படத் தவறியது. இதற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும்.'

இரண்டு நாளாக யோசித்தேன். நான் செய்யவில்லை, சார்தான் செய்தார் என்று எழுதலாம். செய்தி மடலே சாட்சி. தப்பிக்கலாம், பேர் போகும். லாரியில் லூசானது என்று எழுதலாம். பேர் நிற்கும், ஆறு வேகத்தடை தாங்காத மெஷினைச் செய்தவள் என்று நிற்கும்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஸ்பேனர் பையில இருந்தப்பவே எனக்குத் தெரியும். நான்தான டப்பா கழுவுறேன்" என்றார். பிறகு, "எழுதுறத நல்ல பேப்பர்ல எழுது" என்றார்.

எழுதிக் கொடுத்ததை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

'ஐயா, மேற்படி இயந்திரத்தை நான் வடிவமைத்து உருவாக்கினேன். அதில் எந்தக் குறையும் இல்லை. 11-ஆம் தேதி காலை லேபில் வெட்டிய வட்டத்தின் அளவு 100.01 மி.மீ. அந்த வட்டத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அன்று மதியம் 1.10 மணிக்கு நான் பாலத்தின் நாலு சக்கர நட்டுகளையும் கால் சுற்று தளர்த்தினேன். நாலையும் கால் சுற்று இறுக்கினால் இயந்திரம் சரியாக ஓடும். தளர்த்தியதற்குக் காரணம், வெட்டச் சொன்ன பலகையில் என் பெயர் இல்லாதது. இப்படிக்கு, ச. முனீஸ்வரி.'

11-ஆம் தேதிப் பக்கத்தில் 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

சார் கூப்பிட்டார். மேஜை மேல் என் கடிதம், அதன் மேல் என் வட்டம். காகிதம் பறக்காமல் இருக்க அதை வைத்திருந்தார்.

"என்ன மேடம் இது? இது முதல்வர் டேபிளுக்குப் போனா நமக்குத்தான அசிங்கம்?"

நமக்கு என்றார்.

"லாரில லூசாயிருச்சுன்னு ஒரு வரி எழுதுங்க, போதும். இந்த லெட்டரக் கிழிச்சிருவோம். முதல்வர்ட்ட நானே பேசி மெமோவயும் வாபஸ் வாங்க வெச்சிர்றேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஜூன்ல ரெனிவல் வேற இருக்குல்ல?"

"மெமோவத் திருப்பித் தரணுமா சார்?"

"ஆமா, ஒரிஜினல் வேணும். அதயும் ஃபைல்ல இருக்குற காப்பியயும் கிழிச்சாத்தான் க்ளோஸ் ஆகும்."

"அது எங்கிட்டயே இருக்கட்டும் சார்."

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"மெமோவப் போயி யாராச்சும் ஆசையா வெச்சுக்குவாங்களா மேடம்?"

"அதுல முதல் வரியப் படிச்சுப் பாருங்க சார்."

படிக்கவில்லை. கதவைப் பார்த்தார். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒண்ணு. பாயசம் வைத்தேன். ஹாலில் சோபா வந்து உட்கார்ந்தாயிற்று. அதில் உட்கார இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மே 29, வெள்ளி

ரெனிவல் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். என் பெயர் இல்லை. இல்லாமல் இருந்து இருந்து பழகிய பெயர்தான், ஆனாலும் இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்தேன்.

அந்தோணி அண்ணன் லேபைத் திறந்துவிட்டார். துணியை எடுத்தேன். தூசி. பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து நாலு நட்டையும் கால் சுற்று இறுக்கினேன். உடைந்த கோடுகள் மறுபடி சேர்ந்தன. சக்கரத்தை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தேன், மனசில்லாமல் திரும்பியது. பெல்ட்டைச் சுண்டினேன். இடது பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அரைச் சுற்று. அது நான் செய்ததில்லை, சும்மா கிடந்ததில் ஆனது.

ஒரு வட்டம் வெட்டினேன். 100.00. அந்தோணி அண்ணன் அளந்துவிட்டு, "இனி இதுல அவரு பேரத்தான மாட்டுவாரு டீச்சர்? அப்படியே விட்டுட்டுப் போயிருக்கலாமே" என்றார்.

மாட்டுவார். ஜூனில் புது ஆள் வருவாள், அவள் பட்டனைத் தட்டுவாள், அவர் பெயர் ஓரம் பிய்யாமல் சுத்தமாக வரும். தெரிந்துதான் இறுக்கினேன். வயிறெரியத்தான் இறுக்கினேன். லூசாக விட்டுவிட்டு வர என் கைக்குத் தெரியவில்லை. ஒரு தடவை விட்டுப் பார்த்ததே போதும்.

வீட்டுக்கு வந்து பீரோவில் சர்டிபிகேட் ஃபைலை எடுத்தேன். பத்தாவது, டிப்ளமோ, அதற்குப் பின்னால் மெமோவை வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலை வாங்கி, அதை உருவி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்கூல் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி சத்தமாகப் படித்தார்.

"திருமதி ச. முனீஸ்வரி அவர்களுக்கு. தாங்கள் வடிவமைத்து உருவாக்கிய சி.என்.சி. இயந்திரம்..."

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிச்சத்தையும் படிக்கவா?"

"வேண்டாம். முதல்லருந்து இன்னொரு தடவ படிங்க" என்றேன்.